புது பேட்டரி போட்டும் கார் நின்றது ஏன்?

உடம்பைப் பற்றி எழுதும் ஆள் இன்று காரைப் பற்றி எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். கடைசி வரை படியுங்கள். விஷயம் இருக்கு.

போன ஐப்பசியில் ஒரு மழை இரவு. நைட் டியூட்டிக்குக் கிளம்பினேன். நாகூர் தாண்டி, காரைக்கால் எல்லைக்குள் நுழைந்து, போலகம் பக்கம் வரும்போது ஹெட்லைட் மங்கியது. வைப்பர் இழுத்து இழுத்து ஓடியது. கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றே போச்சு.

பேட்டரி மாற்றி 15 நாள்கூட ஆகவில்லை.

ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். காலையிலிருந்து நின்ற சக மருத்துவர் அதுவரை கேஷுவாலிட்டியை விட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகினார்கள். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள அந்த சாக்கெட் உங்கள் காரிலும் இருக்கும்.

திரையில் பி0562 என்று வந்தது. வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். என்ஜின் ஓடும்போதே 12.2 வோல்ட்தான் காட்டியது.

"டைனமோ போச்சு சார், மாத்திடலாம்."

ஆல்டர்னேட்டரைத்தான் நம்ம ஊரில் டைனமோ என்போம். என்ஜினோடு பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தருவது அதுதான். பேட்டரியின் முக்கிய வேலை ஸ்டார்ட் செய்வது. ஓடும்போது பேட்டரி முனையில் பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வோல்ட் இருக்க வேண்டும்.

பணம் புரட்டும்வரை தள்ளிப்போட்டதில், போலகத்தில் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டி போனது. ஸ்கேனர் ரீடிங்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டாக்டர் சார், கரண்ட் கம்மின்னு இது சொல்லுது. ஏன் கம்மின்னு சொல்லலையே."

பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, மல்டிமீட்டரை எடுத்தார்.

பேட்டரி முனையில்: 12.3.
டைனமோவின் முனையிலேயே: 14.4.

டைனமோ நன்றாக இருக்கு! நடுவில் வரும் வயரில் 2 வோல்ட் காணாமல் போகிறது. உறையைக் கழற்றினால், உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து, முனை சூட்டில் கருகியிருந்தது. டைனமோவுக்கு ஒரு கோளாறும் இல்லாததால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரியவில்லை. புது வயர், புது லக். மீண்டும் அளந்தார்: 14.2. வேலை முடிந்தது.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

1. இரவு முழுக்க நின்ற கார், நல்ல பேட்டரி என்றால் சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

2. ஓடும்போது ஸ்கேனரில் வோல்டேஜ் குறைந்தால், டைனமோ முனையிலும் பேட்டரியிலும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் குறைவு என்றால் பெல்ட், டைனமோ பக்கம் தேட வேண்டும். பேட்டரியில் மட்டும் குறைவு என்றால் வயர், எர்த் பக்கம்.

3. சில புதிய கார்களில் டைனமோவை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். ஒரு நிமிட ரீடிங்கை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

4. வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனை வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் எரிந்துபோகலாம்.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி வந்தார். களைப்பு. ஹீமோகுளோபின் 7. இரும்புச்சத்து மாத்திரை எழுதி அனுப்பினேன். ஏன் 7 என்று நான் கேட்கவில்லை. மூட்டுவலிக்கு மெடிக்கலில் தினமும் வாங்கிய மாத்திரையால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் ரத்த வாந்தியோடு தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். நல்லவேளை.

நான் அன்று புது பேட்டரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் "ரத்தம் குறைவு" என்று வந்தால் மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். "ஏன் குறைஞ்சுது டாக்டர்?" என்று கேளுங்கள். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாத கேள்வி அது.

என்னிடமும் கேளுங்கள்.