சுவரும் விஞ்ஞானமும்

விஞ்ஞானி என்றவுடன், கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாய்களைத் தனியே நோக்கியிருக்கும் ஒருவரையே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பெரிதும் பொருந்தாதென்பதற்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலிருந்த ஓர் அறையே சான்று.

கேவண்டிஷ் ஆராய்ச்சிசாலையில் 103ஆம் எண் கொண்டது அவ்வறை. 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பௌதிகம் பயின்ற கிரிக், உயிர்நூல் பயின்ற வாட்சன், இரசாயனம் வல்ல அமெரிக்கர் டோனஹியூ முதலியோர் அங்கே ஒருங்கே அமர்ந்து பணிபுரிந்தனர். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சேர்க்கும் டி.என்.ஏ. என்னும் பொருளின் அமைப்பைக் காண முயன்ற வாட்சன், அதன் உறுப்புக்கள் சிலவற்றைப் பாடநூலிற் கண்டவாறே வரைந்து வைத்திருந்தார். அவற்றைக் கண்ட டோனஹியூ, ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, பாடநூலே பிழை என்றார். அவர் சொன்னவாறு திருத்தி அட்டைத் துண்டுகளை வெட்டிப் பொருத்திப் பார்க்க, பிப்ரவரி 28ஆம் நாள், ஏணியின் படிகளைப் போல் அவை இணையிணையாகச் சேர்ந்தன. ஏப்ரல் 25ஆம் நாளைய 'நேச்சர்' இதழ் அம்முடிவை உலகுக்கு அறிவித்தது.

டோனஹியூவுக்கு வேறு அறை ஒதுக்கப்பட்டிருந்தால் யாது நேர்ந்திருக்கும்? கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். தமக்கு ஐயம் உண்டென்பதையே அறியாத ஒருவர், யாருக்கு, என்னவென்று எழுதுவார்!

யான் இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. இந்நாட்டுக் கல்லூரியொன்றின் இரசாயனப் பகுதியில் சில ஆண்டுகள் உதவியாளனாய் இருந்தேன். எமக்கும் உயிர்நூற் பகுதிக்கும் இடையே ஒரு கதவு உண்டு. அதன் சாவியோ அலுவலகத்தில் தொங்கும். ரப்பர் மரத்தின் இலைநோயை அவர்கள் ஆராய்ந்தனர். அம்மரத்தின் பாலை நாங்கள் ஆராய்ந்தோம். இருவரும் ஒரே தோட்டத்துக்கு வெவ்வேறு நாளிற் சென்று வந்தோம் என்பதை வெளியூர்க் கூட்டமொன்றிலேதான் யான் அறிந்தேன். அக்கதவு இன்று திறந்திருக்கிறதோ என்னவோ!

கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் என்பார் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். ஆஸ்திரியாவிற் பிறந்த இரசாயன அறிஞராகிய அவர், 1962இல் மூலக்கூற்று உயிர்நூலுக்கெனப் புதிய ஆராய்ச்சிசாலை எழுந்தபோது, சிற்றுண்டிச்சாலை ஒன்று வேண்டுமென விரும்பினார். அவருடைய மனைவியார் கிசெலா அதனைப் பல்லாண்டுகள் மேற்பார்த்தார். காலைக் காப்பி, பகலுணவு, மாலைத் தேநீர் ஆகிய வேளைகளில் பெரும்புலவரும் புதுமாணவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். கருவிகளும் பொதுவிலே இருந்தன. கட்டடத்துக்குப் பெருஞ்செலவு செய்துவிட்டுத் தேநீருக்குக் கணக்குப் பார்ப்போர் இதனைக் கவனிப்பாராக.

நிற்க. பொது அறை இருந்தால் மட்டும் போதுமா? அதனுள் யாவர் நுழையலாம் என்பதன்றோ கேள்வி? இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் அக்காலத்தே டி.என்.ஏ. ஆராய்ச்சி நடைபெற்றது. ஆங்கே ஆண்கள் மட்டுமே அமர்ந்து உரையாடத்தக்க அறையொன்று இருந்தது. எக்ஸ்கதிர்ப் படங்களில் ஒப்பற்ற திறமை வாய்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார் அதனுட் செல்ல இயலாது. அவரிடம் மாணவராயிருந்த காஸ்லிங் 1952இல் எடுத்த படமொன்றை, அம்மையார் அறியாமலே, அவருடன் பணிபுரிந்த வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகிய மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். பிராங்க்ளினோ 1958இலேயே, தமது 37ஆம் வயதில், மறைந்துவிட்டார்.