தோட்டத்துப் பிள்ளையும் திரைச் சித்திரமும்

ஆதியில் நமது தோட்டப் பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகளின் கைக்குக் கிடைத்தவை மணலும் கற்பலகையுமே. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பிள்ளைகள் உள்ள தோட்டங்களிற் பள்ளி வைக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மேற் சுமத்தியது. எழுத்தும் கணக்கும் ஒருவாறு நடந்தன. பால் வெட்டுகிறவன் மகனுக்குச் சித்திரம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அன்று குறைவில்லை. இன்றும் சிலர் உளர்.

இப்போது ஜெராம் வட்டாரத்திற் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. கற்பலகை போய்த் திரை வந்திருக்கிறது. இம்மாறுதலால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு லாபமா, நஷ்டமா என்று சற்று ஆராய்வோம்.

1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சீமோர் பேப்பர்ட் முதலியோர் 'லோகோ' என்னும் கணினி மொழியைச் சிறுவர்களுக்கென ஆக்கினர். அதில் ஆமை ஒன்று உண்டு. '100 அடி முன்னே போ, வலப்புறம் 90 பாகை திரும்பு' என்று பிள்ளை நான்கு முறை கட்டளையிட்டால், ஆமை சதுரம் போட்டுவிடும். சமபக்க முக்கோணத்துக்கோ? 60 பாகை என்று துணிந்து சொல்லும் பிள்ளைகளே அதிகம். மூன்று பக்கமும் போட்ட பிறகும் உருவம் மூடாமல் வாய் பிளந்து நிற்கக் கண்டபின், ஆமை திரும்பவேண்டியது வெளிக்கோணமாகிய 120 பாகை என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாம் இதை வாய்ப்பாடாக ஒப்பித்தே தேறினோம்!

பில் கெண்டிரிக் என்பவர் 2002-ல் வெளியிட்ட 'டக்ஸ் பெயிண்ட்' மற்றொன்று. அதற்கு விலையில்லை, இணையமின்றியும் ஓடும், தமிழிலும் உண்டு. தோட்டத்துக்கு இம்மூன்றும் பெரிய காரியங்கள். தாள் வீணாகுமென்று அஞ்சி மூலையிற் சிறிதாய் வரையும் ஏழைப்பிள்ளை, தவறிய கோட்டை ஒரு தொடுகையில் நீக்கலாம் என்று அறிந்ததும் திரை முழுதும் வரைகிறது.

நிற்க. இத்தகைய கருவிகளிற் பலவற்றில் ஆயத்தமான முத்திரைப் படங்கள் நிறைந்திருக்கின்றன. பிள்ளை ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டுச் சித்திரம் முடிந்தது என்கிறது. செம்பனைக் குலையை வரையச் சொன்னால், தகப்பன் நாள்தோறும் வெட்டிச் சாய்க்கும் குலையில் முள் எப்புறம் நிற்கும் என்று தெரியாமல் விழிக்கிறது. பாராத கண்ணுக்குப் பதினாயிரம் வர்ணம் கொடுத்து என்ன பயன்? முதலிற் குலையைக் கையிற் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, பின்பு திரையைக் கொடுக்கும் உபாத்தியாயரே நமக்கு வேண்டும்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, நமது லயத்தில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பனுடையது. அவர் குலை வெட்டித் திரும்பிய பிறகே பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு மாலை இளைய மகள் குலை வரையத் தெரியாமல் தவிக்கவே, அவர் திரையில் விரல் வைத்தார். காய்ப்பேறிய அவ்விரலைக் கண்ணாடி உணரவில்லை. இரண்டு மூன்று முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, மகளிடம் பென்சிலை வாங்கிப் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் வரைந்து காட்டினார். பழங்களுக்கிடையே முள் ஒவ்வொன்றும் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.