ஊறவைத்த நரம்பு சீக்கிரம் அறுபடாது

ஜவ்வாது மலையின் சாமைக் காட்டு வரப்புகளில் கல்லும் புல்லும் கலந்தே கிடக்கும். பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு கல்லில் பட்டுப் பட்டு அறுந்துபோகும். கடுப்பில் இரும்புக் கம்பியை மாட்டத் தோன்றும். வேண்டவே வேண்டாம், கம்பி அறுந்து தெறித்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணே போய்விடும்.

நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நாள்பட்டுக் காய்ந்தால் மொடமொடவென்று ஒடியும். மாட்டும் முன் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்தால் இளகித் தாக்குப்பிடிக்கும்.

சதுர நரம்பு வேகமாக வெட்டும். கல்லுக்கு உருண்டை நரம்பே நீடிக்கும். கருவிக் கையேடு அனுமதித்தால் 2.4 மி.மீ.க்குப் பதில் 3 மி.மீ. போடலாம்.

வெட்டுவது நுனிதான். கல்லருகே நரம்பைத் திணிக்காமல், நுனி மட்டும் புல்லில் படும்படி பிடியுங்கள். கண்ணாடியும் பூட்ஸும் போடாமல் கருவியைத் தூக்காதீர்கள்.