‘புரியல சார்!’ – இதில் எத்தனை வகை?



நம் வகுப்புகளில் அதிகமாகப் புழங்கும் ஆங்கில வார்த்தை எது என்று கேட்டால் ‘டவுட்’ என்பீர்கள். அது சார் கேட்கும் வார்த்தை. நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘கன்ஃப்யூஷன்’. பாடம் புரியாவிட்டாலும் கன்ஃப்யூஷன், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் கன்ஃப்யூஷன், வைவாவில் வாய் அடைத்துப்போனாலும் கன்ஃப்யூஷன். எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்பேனர் போடுகிற கதைதான்!

நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து இங்கே வந்தவன். முதலாண்டில் புது ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அதில் ஒரு பக்கம் வேடிக்கையாக அமைந்தது. கன்ஃப்யூஸ்டு, பெர்ப்ளெக்ஸ்டு, பாஃபிள்டு, நான்பிளஸ்டு, மடில்டு, பிவில்டர்டு, பஸில்டு... ஏழுக்கும் கையடக்க அகராதி தந்த பொருள் ‘குழப்பம்’! ஒரு குழப்பத்துக்கு ஏழு சொல் எதற்கு என்று நூலகத்துப் பெரிய அகராதியைப் புரட்டினேன். கிடைத்தது நம் ஒர்க் ஷாப்புக்கே உதவும் சரக்கு. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் கன்ஃப்யூஸ்டு. லத்தீனில் ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுவது. நம் ‘ஃபவுண்டரி’யும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, இரண்டை ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட்டால் கன்ஃப்யூஷன். நம் வீட்டுக் குழம்புக்கும் குழப்பத்துக்கும் உள்ள உறவைப் போல! அனீலிங், நார்மலைசிங் இரண்டிலும் எஃகைச் சூடாக்குகிறோம். ஒன்றில் உலைக்குள்ளேயே மெதுவாக ஆற விடுகிறோம். மற்றதில் வெளியே எடுத்துக் காற்றில் ஆற விடுகிறோம். எது எது என்று தலைக்குள் கலந்துபோனால், கேட்க வேண்டிய கேள்வி: “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்?”

பெர்ப்ளெக்ஸ்டு வேறு. அதன் வேருக்குப் பின்னுவது என்று பொருள். ‘காம்ப்ளெக்ஸ்’ அதன் உறவுக்காரன். தமிழில் அழகாகச் சொன்னால் சிக்கல். டிஃபரன்ஷியலில் கிரௌன் வீல் தெரியும், சன் கியர் தெரியும், பிளானட் பினியனும் தெரியும். ஆனால் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுற்ற, இவையெல்லாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன? அங்கேதான் நூல் சிக்கிக்கொள்கிறது. கேட்க வேண்டியது: “எந்த நுனியைப் பிடிச்சு ஆரம்பிக்கணும் சார்?”

பாஃபிள்டு என்றதும் மெக்கானிக்கல்காரர்களுக்கு பாஃபிள் பிளேட் ஞாபகம் வர வேண்டும். பாப்காக் – வில்காக்ஸ் கொதிகலனில் சூடான வாயு நேரே ஓடிவிடாமல் குறுக்கே நின்று வளைத்து விடுகிற தகடு. எல்லா முயற்சியும் செய்தாயிற்று, ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது என்கிற நிலைதான் பாஃபிள்டு. ஒருமுறை தெர்மல் லேபில் எங்கள் பேட்ச் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டியது. டேங்கில் டீசல் இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, கிராங்க் சுற்றிச் சுற்றிக் கைதான் வலித்தது. லேப் அண்ணன் வந்து, “ஏர் லாக் எடுத்தாச்சாப்பா?” என்று ஒரே கேள்வி கேட்டார். ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். நுரை நுரையாகக் காற்று வெளியேறியது. அடுத்த சுற்றிலேயே இன்ஜின் ஓடிற்று! பாஃபிள் ஆனவன் கேட்க வேண்டியது: “இன்னும் பார்க்க வேண்டியது என்ன பாக்கி?”

நான்பிளஸ்டு, வைவாவுக்கென்றே பிறந்த சொல். லத்தீனில் ‘நான் ப்ளூஸ்’ என்றால் ‘இதற்கு மேல் இல்லை’. அதாவது திருதிருவென முழிப்பது! ஆனால் உஷார்: அமெரிக்காவில் பலர் இதை ‘அலட்டிக்கொள்ளாமல் இருப்பது’ என்று நேர் எதிராகப் பயன்படுத்துகிறார்கள். குழப்பத்தைச் சொல்ல வந்த சொல்லே குழம்பிவிட்டது, பாருங்கள். இதற்கு மருந்து, “ஒரு நிமிஷம் சார்” என்று கேட்டு வாங்கும் ஒரு மூச்சு.

மடில்டு, சேற்றைக் கலக்கிய குட்டை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மூன்று யூனிட்டை ஒரே மூச்சில் படித்த தலை. கேள்வியெல்லாம் வேண்டாம், தூங்கினால் தானாகத் தெளியும்.

இப்போது பிவில்டர்டு. காட்டைக் குறிக்கும் ‘வில்டர்னஸ்’ இதன் சொந்தக்காரன். வழி தப்பிக் காட்டுக்குள் நிற்பது, ஊர் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நிற்பது. இந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது.

முதலாண்டில் என் பெஞ்சில் ஒருவன் இருந்தான். அவன் அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. கைவேலையில் பயல் கில்லாடி. அவன் அரம் போட்டு ராவிய ‘வி’ ஃபிட்டிங்கில் வெளிச்சம்கூடப் புகாது. வகுப்பில் மட்டும் ஆங்கிலமும் டிராயிங்கும் கணக்கும் ஒரே நேரத்தில் அவன்மேல் இடிந்து விழுந்தன. “எனக்கு எதுவுமே புரியலடா” என்பான். நாற்பது பேரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. எங்களில் பலருக்கு இருந்தது சிக்கல், அவனுக்கு இருந்தது காடு. எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை ஓடியதால், அவனுடையது வேறு என்று யார் கண்ணிலும் படவில்லை.

காட்டில் நிற்பவனிடம் ‘என்ன டவுட்?’ என்றால் அவன் என்ன சொல்வான்? டவுட் வருவதற்கே பாதி புரிந்திருக்க வேண்டுமே! அவனுக்கு முதலில் வேண்டியது திசை. எந்தப் பாடத்தில் தொடங்கலாம், எந்தப் பக்கத்தில் தொடங்கலாம், யாரோடு உட்காரலாம் என்று காட்ட ஒரு ஆள்.

கடைசியாகப் பஸில்டு. இந்தக் கூட்டத்திலேயே நல்ல பிள்ளை இவன்தான். ட்விஸ்ட் டிரில்லின் முனைக்கோணம் 118 டிகிரி என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். ‘ஏன் 118? 120 வைத்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று ஒருவன் தலையைச் சொறிந்தால் அவன் பஸில்டு. அவன் கையில் ஒரு கேள்வி இருக்கிறது, அதை விட மனசும் வரவில்லை. என்னைக் கேட்டால், பிவில்டர்டு ஆக உள்ளே வந்து பஸில்டு ஆக வெளியே போவதற்குப் பெயர்தான் படிப்பு.

ஆகவே இளைய தோழர்களே, அடுத்த முறை சார் ‘டவுட் இருக்கா?’ என்றால் மொத்தமாக ‘புரியல’ என்று சொல்லாதீர்கள். ஆங்கிலம் வராவிட்டால் பரவாயில்லை, தமிழிலேயே வகை பிரித்துச் சொல்லுங்கள்: ‘கலந்துபோச்சு சார்’, ‘சிக்கிக்கிச்சு சார்’, ‘இந்த இடத்துல முட்டுது சார்’, ‘திசையே தெரியல சார்’. முதல் மூன்றுக்கும் சார் வகுப்பிலேயே பதில் சொல்லிவிடுவார். நாலாவதைச் சொல்கிறவன் உங்கள் பெஞ்சில் இருந்தால், அன்று சாயங்காலம் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அவனோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அடுத்த பஸ் எப்படியும் வரும்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை