பேருந்தில் எழுதிய பெயரும் கல்லில் வெட்டிய பெயரும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறுகிறவர்கள் 1990களின் நடுவில் பார்த்த அரசுப் பேருந்துகளில் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் இருந்தது. வேலூரில் தலைமையிடம் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, சுயமரியாதை மேடைகளில் முழங்கி 1949இல் மறைந்த அந்தப் பேச்சாளரின் பெயரை வைத்திருந்தார்கள். மாவட்டங்களும் அப்படித்தான். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது மலையின் ஒரு பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துக்குப் போனது, மறுபக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்துக்கு. 1997இல் ஒடுக்கப்பட்ட மக்கள் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் தென் மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியதை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டது. அதன்பின் மாவட்டங்கள், கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு ஒரேயடியாக நீக்கிவிட்டது. பெயிண்ட் அடித்த வேகத்திலேயே அழகிரியும் போய்விட்டார். இதற்குக் கலவரம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெயர் யாருடையது, இந்த மலைப்பாதையில் ஏன் ஓடுகிறது என்று பேருந்தில் ஒரு வரியும் இல்லை.

அதே மலையின் காவலூருக்கு வாருங்கள். 1960களின் கடைசியில் வேணு பாப்பு என்ற வானியலாளர் இருண்ட, தெளிவான வானத்துக்காக ஒரு வானாய்வகம் அமைக்கத் தேர்ந்தெடுத்த இடம் இது. 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது இங்கிருந்தும் அவற்றின் தடயம் பதிவானது. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி முடியும் முன்பே, 1982இல் பாப்பு இறந்துபோனார். 1986இல் திறந்துவைக்க வந்த பிரதமர் ராஜீவ் காந்தி, ஆய்வகத்துக்குச் சூட்டியது அந்த விஞ்ஞானியின் பெயரை. ஊர்க்காரர்கள் இன்றும் காவலூர் என்றுதான் சொல்கிறார்கள், பாப்பு பெயர் எங்கே வாழ்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே போய் இதை யார் கட்டினார் என்று கேட்டால் பதில் அந்தக் குவிமாடத்திலேயே இருக்கிறது. பெயரும் வேலையும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

அப்படியானால் அம்பேத்கரின் பெயரை எடுத்ததும் சரிதானா? இல்லை. காலங்காலமாக ஒதுக்கப்பட்ட மக்களுக்கு மாவட்டப் பலகையில் அந்தப் பெயரைப் பார்ப்பதே ஓர் உரிமை. அமைதிக்காக எல்லாப் பெயரையும் ஒரே தட்டில் வைத்து நீக்கியதில் அவர்களுக்கு இழப்பு அதிகம். உயிர்ச்சேதத்தைத் தடுக்க அரசுக்கு அன்று வேறு வழி குறைவாக இருந்திருக்கலாம். அதற்காக இழப்பு இல்லாமல் போய்விடாது. சம்புவராயர் கதை வேறு. மலையடிவாரப் படவேட்டில் ஆண்டவர்கள் அவர்கள், விஜயநகரப் படையிடம் தோற்றவர்கள். மாவட்டப் பெயர் போனாலும் அவர்களைத் தேடப் படவேடு இருக்கிறது, கல்வெட்டுகள் இருக்கின்றன.

தெற்கே செங்கம் பக்கம் இறங்கினால் இதைவிடப் பழைய சான்று கிடைக்கும். பல்லவர் காலத்து நடுகற்கள். வில்லும் குறுவாளும் ஏந்திய வீரன், உடலில் தைத்த அம்புகள், மேலே வட்டெழுத்து. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுச் செத்தான் என்று ஊர்ப்பெயர்களோடு சொல்லிவிடுகிறது கல். அரசன் அல்ல, ஊர்ச் சண்டையில் விழுந்த சாதாரண ஆள். இந்தக் கற்களில் பல இன்று வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. கும்பிடுகிறவர்களுக்கு வீரன் பெயர் தெரியாது. கல்லில் எழுதினாலும் பெயர் மறந்துபோகத்தானே செய்தது என்று இதையே எனக்கு எதிராகச் சொல்லலாம். வட்டெழுத்து வழக்கொழிந்ததும் பெயரைப் படிக்க ஆளில்லாமல் போனது உண்மைதான். ஆனாலும் 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்கள் என்ற நூலை வெளியிட்டபோது, ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த ஆட்களின் பெயரையும் அவர்கள் செத்த காரணத்தையும் சேர்த்தே மீட்க முடிந்தது. பேருந்துப் பக்கவாட்டில் இருந்த அழகிரியை அப்படி மீட்க, அந்தப் பெயிண்டுக்கு அடியில் வெறும் தகரம்தான் இருக்கிறது.