வாப்பாவின் குரலுக்கு ஓர் இறுவட்டு



உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் பழைய கெசட்டுகள் கிடக்கின்றனவா? குப்பை என்று எண்ணி வீசிவிடாதீர்கள். 1980களிலும் 1990களிலும் நம் ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்களில் பலர், கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்பினார்கள். தொலைபேசிக் கட்டணம் கைக்கெட்டாத காலம் அது. வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு அந்தக் குரலே கடிதம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்பது கெசட்டுகள் இருந்தன. எல்லாம் வாப்பாவின் குரல். ஸலாம் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் கூப்பிட்டுச் சுகம் விசாரித்து, கடைக் கடன் வரை பேசியிருப்பார். அவர் மௌத்தான பின் உம்மா அவற்றை அடிக்கடி போட்டுக் கேட்பார். கேட்கக் கேட்க நாடா தேய்ந்தது. ஒன்றில் குரல் இழுபடத் தொடங்கியது.

“மகன், இதுவும் போனா உங்கட வாப்பாட சத்தத்த எங்க போய்த் தேடுற?” என்றார் உம்மா.

புதுக் கணனி வாங்க ஓர் ஆசிரியனின் சம்பளம் இடந்தராது. வீட்டிலிருந்த பழைய மேசைக் கணனி இறுவட்டை வாசிக்கும், பதியாது. எனவே பதியும் கருவியை மட்டும் வாங்கினேன். வாங்குமுன் கணனியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பது அகன்ற பட்டி வயரா, ஒடுங்கிய ‘சாட்டா’ வயரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குரியது மற்றதில் பொருந்தாது. மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டு, பழைய கருவியின் ஆணிகளைக் கழற்றிப் புதியதை வைத்து, மின் வயரையும் தரவு வயரையும் செருகினால் வேலை முடிந்தது. திறக்கப் பயமென்றால், வெளியே யூஎஸ்பியில் செருகும் கருவியும் உண்டு.

கெசட் பிளேயரில் இயர்போன் செருகும் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, கணனியின் பின்புறமுள்ள நீலத் துளையில் செருகினேன். ‘ஒடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் பதிந்தேன். ஒரு மணி நேரக் கெசட்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். நல்ல தரத்தில் நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் பிடிக்கும். 700 மெகாபைட் சீடியில் 60 நிமிடக் கெசட் ஒன்று அடங்கும், 4.7 கிகாபைட் டீவிடியில் ஏழு அடங்கும். எங்கள் ஒன்பதும் இரண்டு டீவிடிகளில் அடங்கின.

இழுபட்ட கெசட் இழுபட்டபடியேதான் பதிந்தது. இறுவட்டு இருப்பதைக் காக்கும். போனதைத் திருப்பித் தராது. ஆகவே தாமதிக்காதீர்கள்.

இன்னும் சில விடயங்கள். அழித்தெழுதும் தட்டை இதற்குப் பாவிக்க வேண்டாம். ஒருமுறை மட்டும் பதியும் தட்டே நல்லது. அதிலுள்ள சாயப் படையில்தான் லேசர் ஒளி பதிகிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். பதிந்த பின் முழுவதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோரக் குடும்பங்கள் எத்தனையோ, படமொன்றும் மிஞ்சாமல் நின்றதை நாம் மறக்கவில்லை. கைபேசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

வாப்பாவைக் கண்டிராத என் பிள்ளைகள் இன்று அவரது சிரிப்பை அறிவார்கள். உங்கள் வீட்டில் உம்மம்மா இருந்தால், அவரை அருகில் இருத்திப் பேசச் சொல்லுங்கள். அதையும் பதிந்து வையுங்கள்.