இல்லத்தின் எதிர்பார்ப்பு
விடியற்பொழுதில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கித் தொழிலாளர் பேருந்துகள் விரைகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் அப்பேருந்தில் ஏறுவாளா, கல்லூரிப் பேருந்தில் ஏறுவாளா என்பதை மதிப்பெண் மட்டுமே முடிவு செய்வதில்லை. இல்லத்தின் எதிர்பார்ப்பும் முடிவு செய்கிறது. ‘ஈராண்டு உழைத்தால் திருமணச் செலவுக்கு ஆகுமே’ எனப் பெற்றோர் கருதுவது அன்பின்மையால் அன்று. நாளைய பட்டத்தைவிட இன்றைய கூலி கண்ணுக்கு அருகில் இருப்பதால்தான்.

1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டம், 2022-இல் ‘புதுமைப் பெண்’ என்னும் உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியின் வங்கிக் கணக்கில் திங்கள்தோறும் 1000 ரூபாய் சேர்கிறது. மணமேடைக்கென ஒதுக்கிய பொருள் கல்விக்கென மாறியதுபோல் பெற்றோர் எண்ணமும் மாறுதல் வேண்டும். ‘என்ன படிக்க விரும்புகிறாய்?’ என்று மகளைக் கேட்கும் வீட்டில்தான் அவ்வாயிரம் ரூபாய் பட்டமாக விளையும்.